பாட்டி வீட்டு வேட்டி மூலையில் கறுப்புக் குறி: என்ன மை இது?

லால்குடிப் பேத்தி கேட்டது:

போன வாரம் லால்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பாட்டி வீட்டை ஒழித்தோம். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே பாச்சா உருண்டை வாசனையோடு ஐந்து வெள்ளைத் துணிகள்: மூன்று வேட்டி, ஒரு படுக்கை விரிப்பு, ஜரிகை போட்ட அங்கவஸ்திரம் ஒன்று. தாத்தா 1971இல் தவறிவிட்டார். எல்லாம் அதற்கு முந்தியவையாகத்தான் இருக்கும் என்கிறார் அம்மா.

ஒவ்வொரு துணியிலும் மூலையில், கரையை ஒட்டி, உள்பக்கமாகக் கறுப்பில் சின்னதாக ஒரு குறி இருக்கிறது. நான்கு துணிகளில் ஒரே குறிதான், ஒரு கோடும் அதன் கீழே இரண்டு புள்ளியும். அங்கவஸ்திரத்தில் மட்டும் சூலம் மாதிரி மூன்று கோடு. துணிந்து ஒரு வேட்டியை மெஷினில் வெந்நீர் வைத்துத் துவைத்துப் பார்த்தேன். மடிப்பில் இருந்த மஞ்சள் கறைகூடப் போய்விட்டது, அந்தக் குறி அசையவில்லை. அத்தனை வருஷம் தாங்குகிற மை என்ன?

இன்னொன்று. அந்தக் காலத்தில் வீட்டுத் துணியை எப்படித்தான் இவ்வளவு வெள்ளையாக வைத்திருந்தார்கள்? அம்மாவிடம் கேட்டால் "வெள்ளாவி" என்கிறார். அது எப்படி என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. சின்ன வயதில் படித்துறைப் பக்கம் போகவே விடமாட்டார்களாம்.

அரசலாற்றங்கரை எழுதியது:

அது வண்ணான் குறி. மையைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் யாராவது வந்து சொல்வார்கள். வீட்டிலே துவைத்த கதையை நான் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாத் துணியும் வெளியே போனதில்லை.

எனக்கு இப்போது எழுபது. கும்பகோணத்தில் அரசலாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வேட்டி, விரிப்பு, அப்பாவின் ஆபீஸ் சட்டை இவை மட்டும் வெளுக்கப் போகும். அன்றாடம் கட்டுகிற புடவை, பாவாடை, குழந்தைத் துணி எல்லாம் எங்கள் தலையில்தான். விடிகாலையில் ஆற்றுக்குப் போனால் குளியலும் துவையலும் ஒன்றாக முடிந்துவிடும். படித்துறையில் நல்ல கல் இரண்டோ மூன்றோதான், முந்திப் போனவர்களுக்குத்தான் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் ஆறு வெறும் மணல். மேட்டூரில் தண்ணீர் திறந்து வந்து சேரும்வரை மணலில் ஊற்றுத் தோண்டி, சொம்பால் மொண்டு துவைப்போம்.

சோப்பு என்றால் 501 பார். நீளக் கட்டியாக வரும். அப்பா நூலை இறுக்கிப் பிடித்து ஐந்து துண்டாக அறுத்துப் பத்து நாள் மொட்டை மாடியில் காயப்போடுவார். காய்ந்து கல்லானால் சீக்கிரம் கரையாது. ஆளுக்கு ஒரு துண்டு, மாதக் கடைசிக்குள் தீர்ந்தால் பேச்சு வாங்க வேண்டும். மாதத்துக்கு ஒருநாள் கொல்லையில் அண்டா ஏற்றி, சலவைச் சோடாவும் சோப்புத் துருவலும் போட்டு அழுக்குத் துணியை வேகவைப்போம். கிண்டுகிற கம்பு நாள்பட நாள்பட வெளுத்து எலும்பு மாதிரி இருக்கும்.

வடித்த கஞ்சி வீணாகாது. தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியால் வடிகட்டி, அதில் நீலக்கட்டியை முடிந்து நாலு ஆட்டு ஆட்டினால் போதும். வடிகட்ட மறந்தால் கறுப்புப் புடவையில் பருக்கை பருக்கையாக ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை அப்படியே பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

விலக்கான நாட்களில் பயன்படுத்துகிற துணியை யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன். அதை எல்லோருக்கும் பிறகு, தனியாகத் துவைத்து, கொல்லைக் கொடியில் இன்னொரு புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போட வேண்டும். வெயிலே படாது. மழைக்காலத்தில் ஈரத்தோடு எடுத்துக் கட்டியது உண்டு. துவையலில் மறக்க முடியாத கஷ்டம் எனக்கு அதுதான், கல்லும் சோப்பும் எல்லாம் அப்புறம்.

சிராங்கூன்வாசி எழுதியது:

இங்கே சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. ரயில் நிலையம் ஒன்றுக்கே டோபி காட், அதாவது வண்ணான் துறை என்று பெயர். இந்தியாவிலிருந்து வந்த சலவைக்காரர்கள் அங்கே ஓடிய ஓடையில் துவைத்துப் பக்கத்துத் திடலில் காயப்போட்டிருக்கிறார்கள். இப்போது அந்த ஓடை ஸ்டாம்ஃபோர்டு கால்வாய். தினமும் அங்கே இறங்கி ரயில் மாறுகிறேன், ஒரு கல்கூடக் கண்ணில் பட்டதில்லை. குறியைப் பற்றி அறிய நானும் காத்திருக்கிறேன்.

பழைய தபால் எழுதியது:

இரண்டு நாளாக இந்தத் திரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசனை. சரி, எழுதிவிடுகிறேன். இந்த மாதிரிக் குறி போட்டவர்கள் வீட்டுப் பிள்ளை நான்.

திருச்சிக்குத் தெற்கே, மணிகண்டம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து 64 வீட்டுக்கு வெளுத்தார்கள். நான் படித்து, ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் கடிதம் பிரிக்கிற வேலையில் 33 வருஷம் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அப்பாவுக்குக் கைநாட்டு. ஆனால் மூட்டையை அவிழ்த்து, அரிக்கேன் வெளிச்சத்தில் மூலையை ஒரு புரட்டுப் புரட்டி, இது மேலத்தெரு, இது கடைவீதி என்று எறிந்துகொண்டே போவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி என் வேகத்தைப் பார்த்து எங்கே பழகினாய் என்று கேட்டார். சொல்லவில்லை.

குறிக்கு வருகிறேன். அது சேங்கொட்டை, சேராங்கொட்டை என்றும் சொல்வார்கள். கொட்டையை ஊசியால் குத்தினால் கறுத்த பிசின் மாதிரிப் பால் கசியும். துடைப்பக் குச்சியின் நுனியால் தொட்டுத் துணியில் வைத்து, மேலே ஒரு பொட்டுச் சுண்ணாம்பு தடவுவார் அப்பா. அவ்வளவுதான். துணி இற்றுப்போகும், குறி போகாது. கையில் பட்டால் கொப்புளம் கிளம்பும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் கிட்டவே போவார். அப்பா தடவமாட்டார், அவர் கட்டைவிரல் ஓரம் வருஷம் முழுக்கத் தோலுரிந்தே இருக்கும்.

கோடு, புள்ளி, கூட்டல், சூலம், வட்டம், இவைதான் எழுத்து. எந்தக் குறி யாருக்கு என்பதை அந்தந்த வெளுப்புக் குடும்பம் தானே வைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் மாடி வைத்த வீடு ஒன்றே ஒன்று, அதற்கு ஏணி. டீக்கடைக்காரருக்கு வட்டம், அதாவது தம்ளர். கோடும் இரண்டு புள்ளியும் எங்கள் கணக்கில் பால்காரர் வீடு. அதனால் உங்கள் குறியை என்னால் படிக்க முடியாதும்மா. உங்கள் பாட்டி ஊரில் வெளுத்த வீட்டுக்காரர் யாராவது இருந்தால் அவர்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளாவி எப்படி என்று கேட்டீர்கள். அதற்கு முதல் பொருள் உவர்மண். எங்கள் பக்கம் களர் நிலம் அதிகம். இன்றைக்கும் விவசாயிகள் ஜிப்சம் போட்டு அதைத் திருத்தப் பார்க்கிறார்கள். அவர்களுக்குத் தலைவலியான அந்த நிலம்தான் எங்களுக்குச் சோப்புக் கடை. மாசி, பங்குனியில் விடிகாலை போனால் தரை வெள்ளை பூத்து மாவு தெளித்த மாதிரி இருக்கும். ஓட்டுச் சில்லால் மேல்மண்ணை மட்டும் சுரண்டிக் கூடையில் அள்ள வேண்டும். ஆழமாகச் சுரண்டினால் வெறும் மண்தான் வரும், அம்மாவிடம் அடிதான் மிச்சம். மழைக்கு முன்னால் வருஷத்துக்கு வேண்டியதைக் குவித்துவைப்போம்.

அந்த மண்ணைச் சாலில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, வெள்ளைத் துணியை ஊறவைத்துப் பிழிந்துகொள்வோம். சாயத் துணி கிட்டவே வரக்கூடாது. ஒருமுறை சிவப்புக் கைக்குட்டை ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு பதினேழு வேட்டி ரோஜா நிறமாகிவிட்டது. அந்த வாரம் அப்பா யார் வீட்டுப் பக்கமும் போகவில்லை, அம்மாதான் போனார்.

வெள்ளாவி அடுப்பு மண்ணால் கட்டியது. நடுவில் தண்ணீர் நிரப்பிய பெரிய பானை பதிந்திருக்கும். பானை வாயைச் சுற்றியும் மேலேயும் துணியை அடுக்கிக்கொண்டே போனால் கோபுரம் மாதிரி ஆள் உயரத்துக்கு வரும். முரட்டு விரிப்பெல்லாம் அடியில், மெல்லிசு மல் துணி உச்சியில். ஆவி ஒவ்வொரு மடிப்பிலும் புகுந்து மேலே வரவேண்டும், அதற்கு ஏற்றபடி இறுக்காமல் அடுக்குவதுதான் கை. கடைசியில் ஒரு பழைய விரிப்பைப் போர்த்தி மூடிவிட்டு, பனை ஓலை, மட்டை, கருவேல முள் என்று கிடைத்ததை எல்லாம் வைத்து ராத்திரி முழுக்க எரிப்போம். தண்ணீர் வற்றினால் அடித்துணி கருகிவிடும். நானும் அண்ணனும் முறை வைத்து விழித்திருப்போம். மார்கழியில் அந்த வேலைக்குச் சண்டையே வரும், அடுப்படி அவ்வளவு கதகதப்பு. அந்த ஆவி வாசனையை எழுத வரவில்லை. ஈர மண்ணும் வேர்வையும் வெந்த சோறும் கலந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் பொதி கட்டிக் கழுதைமேல் ஏற்றித் துறைக்குப் போவோம். தோளுக்கு மேலே சுழற்றிக் கல்லில் அடிக்கும்போது அப்பா வாயில் ஒரு "உஸ்" வரும். மூச்சைப் பிடித்து விடுகிற சத்தம் அது, விடாவிட்டால் நெஞ்சு வலிக்கும். அலசி மணலிலும் புல்லிலும் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளிப்பது பிள்ளைகள் வேலை. அந்த வெயிலில்தான் கடைசி மஞ்சள் போகும். பிறகு நீலம், கஞ்சி, இஸ்திரிப் பெட்டி. கொட்டாங்குச்சிக் கரி போட்ட பித்தளைப் பெட்டி, தூக்கினால் எனக்குத் தோள் இறங்கிவிடும்.

கூலி காசாக வந்ததில்லை. அறுவடையில் களத்து நெல், பொங்கல் தீபாவளிக்கு ஏதாவது, அப்புறம் தினமும் ராச்சோறு. இருட்டியதும் அம்மா குண்டானை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். சாம்பார், புளிக்குழம்பு, ரசம் எல்லாம் ஒரே குண்டானில் விழும். ஆறாம் வகுப்பு வரை நானும் கூடப் போனேன். ஒருநாள் கூடப் படிக்கிற பையன் வீட்டு வாசலில் அவனே சோற்றைக் கொண்டுவந்து போட்டான். அதற்குப் பிறகு போகவில்லை. அவன் என் அப்பாவை "டேய்" என்றுதான் கூப்பிடுவான், அப்பாவுக்கு அப்போது ஐம்பது வயது. இது எங்கள் ஊர் மட்டும் என்று நினைக்கவேண்டாம்.

அதே வீடுகளில் நல்லது கெட்டது எதுவும் எங்கள் துணி இல்லாமல் நடக்காது. பெண் வயசுக்கு வந்தால் அம்மா கொண்டுபோகிற மாற்றுத் துணி, கல்யாணப் பந்தலுக்கு மேற்கட்டி, சாவு வீட்டுக்கு நடந்துபோக விரிக்கிற நடைபாவாடை, தீப்பந்தம் சுற்றத் துணி.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஊர்த் துணியை நாங்கள் உடுத்தியிருக்கிறோம். அண்ணன் பொங்கலுக்கு டூரிங் டாக்கீஸ் போக மூட்டையிலிருந்து ஒரு டெரிலின் (பாலியஸ்டர்) சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். இடைவேளையில் முறுக்கு வாங்க வந்தவர் சட்டைக்குச் சொந்தக்காரர். மீதிப் படத்தை அண்ணன் மணல் தரையில் கவிழ்ந்து படுத்தபடிதான் கேட்டான்.

அந்த டெரிலின்தான் வெள்ளாவிக்கு எமன். அது உவர்நீரிலும் ஆவியிலும் கிடந்தால் கெட்டுவிடும், கஞ்சியும் வேண்டாம், வாளியில் நனைத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். சர்ஃப் 1959இலேயே வந்துவிட்டது என்றாலும் எங்கள் ஊருக்கு அது எட்டாத விலை. நிர்மா மாதிரி மலிவுத் தூள் வந்த பிறகு வீட்டிலேயே துவைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எங்கள் அடுப்பு 1980ஐ ஒட்டி இடிந்தது. யாரும் திரும்பக் கட்டவில்லை.

வேதியியல் வாத்தியார் எழுதியது:

பழைய தபால் ஐயா எழுதியதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. சில விளக்கம் மட்டும்.

களர் மண்ணில் பூப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், பைகார்பனேட். அதோடு சுண்ணாம்பு சேர்ந்தால் கொஞ்சம் எரிசோடா உண்டாகும். துணியில் ஊறியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கை அது சோப்பாகவே மாற்றிவிடும். அதாவது வெளியிலிருந்து சோப்பு போடவில்லை, அழுக்கே சோப்பாகிறது. ராத்திரி முழுக்க ஆவிச் சூட்டில் இருப்பதால் வேலை முழுசாக நடக்கும்.

மஞ்சளுக்கு எதிர் நிறம் நீலம். அதனால்தான் ஒரு சொட்டு நீலம் பட்டதும் துணி வெள்ளையாகத் தெரிகிறது. அரசலாற்றங்கரை அம்மா ஆற்றுக்குப் போனதிலும் காரணம் இருந்திருக்கும். கிணற்று நீர் உப்பாக இருந்தால் அதிலுள்ள கால்சியத்தோடு பழைய சோப்பு சேர்ந்து தயிர் மாதிரித் திரிந்துவிடும், நுரைக்காது.

சேங்கொட்டை, மாமரம், முந்திரி மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, சட்டையில் குறி பட்ட இடத்தில் தோல் வெடித்து, மருத்துவர்கள் தேடிக் கண்டுபிடித்தது இதைத்தான். பழைய தபால் ஐயாவின் அப்பா கட்டைவிரலும் அதே கதை.

உவர்மண் எத்தனை பழசு என்றால், புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்றில் களர் நிலத்தில் தோண்டிய கிணற்றுநீரில் துணி வெளுக்கிற பெண் வருகிறாள். வகுப்பில் காரத்தைப் பற்றிச் சொல்லும்போது இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

லால்குடிப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய தபால் ஐயா, அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். "டேய்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார், அரைமணி நேரம் கழித்துத்தான் மீதியைக் கேட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். சூலக் குறி போட்ட அங்கவஸ்திரம் தாத்தாவின் கல்யாணத்துக்கு எடுத்ததாக இருக்கும் என்று அம்மா நினைக்கிறார். விசேஷத் துணிக்கு வேறு குறி போடுவார்களா?

பழைய தபால் எழுதியது:

முதல் நாளே கவனித்தேன், கேட்டால் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

விசேஷத் துணிக்கென்று தனிக் குறி எங்கள் வழக்கத்தில் கிடையாது. குறி வீட்டுக்கு. ஒரு வீட்டில் பட்டு ஜரிகையானாலும் கைத்துண்டானாலும் ஒரே குறிதான். பங்காளிகள் பிரிந்தால்தான் புதுக் குறி. அப்படி ஒன்றும் உங்கள் குடும்பத்தில் நடக்கவில்லை என்றால், அந்த அங்கவஸ்திரம் உங்கள் வீட்டுத் துணி இல்லையம்மா. மாறி வந்தது.

மாறுவது சகஜம். ராத்திரி பிரிக்கும்போது ஒன்று தப்பிப் பக்கத்து மூட்டையில் விழும். உருப்படிக் கணக்கில் ஒரு வீட்டில் ஒன்று குறையும், இன்னொரு வீட்டில் ஒன்று கூடும். குறைந்த வீட்டுக்காரர்கள் மறுநாள் காலையிலேயே வாசலில் நிற்பார்கள். கூடின வீட்டிலிருந்து யாரும் வந்து நான் பார்த்ததில்லை. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு ஜரிகை வேட்டி இப்படிப் போய், அந்த வருஷம் களத்தில் அப்பாவுக்கு இரண்டு மரக்கால் குறைத்து அளந்தார்கள். 63 வீட்டிலும் கேட்டுப் பார்த்தார் அப்பா. எல்லோரும் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

அங்கவஸ்திரத்தை மெஷினில் போடாதீர்கள், ஜரிகை போய்விடும். பூந்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் கசக்காமல் அலசி நிழலில் காயப்போடுங்கள். கஞ்சி வேண்டாம், மடிப்பில் இற்றுவிடும்.

லால்குடிப் பேத்தி எழுதியது:

இதையும் படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எதிர் வரிசை வீட்டில் ஒரு தாத்தா, அங்கவஸ்திரம் போச்சு என்று நம்ம வண்ணாரைத் தெருவில் நிறுத்தி வைத்துக் கத்தினாரே, நான் திண்ணையிலிருந்து பார்த்தேனே" என்றார்.

எந்த வீடு என்றுதான் ஞாபகம் வரவில்லையாம். வண்ணார் பெயரும் வரவில்லை.